ஹாலிவுட்டின் ஸ்தல புராணம்

நம் கோயில்களுக்கெல்லாம் ஸ்தல புராணம் உண்டு. ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு ராஜா கட்டிய கோயிலாக இருக்கும். அவன் பெயரும், அவன் விட்ட நிலத்தின் எல்லையும், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளின் எண்ணிக்கையும்கூடக் கல்வெட்டில் இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரரைக் கேட்டால், இந்திரனுக்குச் சாபம் தீர்ந்த இடம் இது என்று ஆரம்பிப்பார். கல்வெட்டைப் படிப்பவர் சிலர். புராணத்தைக் கேட்க ஊரே கூடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புராணம் கதை சொல்கிறது. கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. கணக்கு யாருக்கு வேண்டும்?

இருபதாம் நூற்றாண்டில் தனக்குத் தானே ஸ்தல புராணம் எழுதிக்கொண்ட ஊர் ஹாலிவுட். இரும்புத் தொழிலோ நூற்பாலைத் தொழிலோ தன் பூர்வ கதையைத் தானே நாடகமாக்கி நமக்கு விற்றதில்லை. அதற்கான சாதனம் அவற்றிடம் இல்லை. சினிமாத் தொழில் ஒன்றுக்குத்தான் அந்த வசதி. கதையும் அதனுடையது, காமிராவும் அதனுடையது. பெரிய கொட்டகைகள் பலவும் வெகு காலம் அதனுடையவையாகவே இருந்தன. ஆகவே, அமெரிக்க சினிமாவின் ஆரம்ப காலம் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்கும் சித்திரம் சரித்திராசிரியர் தீட்டியதல்ல. பெரும்பாலும் இரண்டு படங்கள் தீட்டியது. ஒன்று, பில்லி வைல்டர் 1950-ல் எடுத்த ‘ஸன்ஸெட் புலவார்ட்’. மற்றது, ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் 1952-ல் எடுத்த ‘ஸிங்கிங் இன் தி ரெயின்’.

முதலாவதில், மௌனப் பட காலத்து நட்சத்திரம் ஒருத்தி, உலகம் தன்னை மறந்துவிட்டதை ஒப்புக்கொள்ளாமல், பாழடைந்த மாளிகையில் பித்துப் பிடித்து வாழ்கிறாள். இரண்டாவதில், பேசும் படம் வந்ததும் கீச்சுக் குரல் படைத்த ஒரு நடிகையின் சாயம் வெளுக்கிறது. நல்ல குரலும் நல்ல மனமும் படைத்த சிறு பெண் மேலே வருகிறாள். இரண்டும் நல்ல படங்கள். பின்னதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மட்டமான படம் ஒன்று தவறாகச் சொன்னால் அது கொட்டகை வாசலிலேயே உதிர்ந்துவிடும். நல்ல படம் சொல்வதுதான் நெஞ்சில் நிலைக்கும். ஆகவேதான் இந்த இரண்டையும் கல்வெட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஹாலிவுட் என்ற பெயர் சினிமாவுக்கு முந்தியது. ஹார்வி வில்காக்ஸ் என்பவர் 1887-ல் தம் நிலத்தை மனை போட்டு விற்பதற்காகப் பதிவு செய்தபோது, அவர் மனைவி டேயிடா வைத்த பெயர் அது. தம்பதிகள் மதுவிலக்கில் உறுதியானவர்கள். அந்த ஊரில் 1911-ல் நெஸ்டர் கம்பெனி முதல் ஸ்டூடியோவைத் தொடங்கியபோது வாடகைக்குக் கிடைத்தது, மதுவிலக்கினால் வியாபாரம் படுத்துப்போன ஒரு பழைய விடுதி. பிற்பாடு உலகத்தின் கேளிக்கைத் தலைநகரம் என்று பெயரெடுத்த ஊருக்கு இப்படி ஒரு தொடக்கம்! மலைச்சரிவில் நிற்கும் பிரம்மாண்டமான எழுத்துக்களைப் படத்திலாவது பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 1923-ல் அவற்றை நிறுத்தியவர்களும் கலைஞர்களல்ல; மனை விற்பவர்கள்தான். அப்போது அது ‘ஹாலிவுட்லாண்ட்’. கடைசி நான்கு எழுத்துக்களை 1949-ல் எடுத்துவிட்டார்கள். விளம்பரப் பலகை கோபுரமாகிவிட்டது.

சினிமாக்காரர்கள் அங்கே ஏன் போனார்கள்? இதற்குப் புராணம் ஒரு வீரக் கதை வைத்திருக்கிறது. தாமஸ் எடிசனும் அவரைச் சேர்ந்த கம்பெனிகளும் 1908 டிசம்பரில் ஒரு கூட்டு அமைத்து, காமிரா, புரொஜெக்டர் ஆகியவற்றின் காப்புரிமைகளைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தொழிலை விட்டே துரத்தப் பார்த்தனர். அந்தக் கொடுமைக்குத் தப்பி, சுதந்தர புருஷர்கள் கண்டத்தின் மறுகோடிக்கு ஓடினார்கள் என்பது கதை. கூட்டும் உண்மை, கொடுமையும் உண்மை. அது சட்ட விரோதமென்று 1915-ல் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1909-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நிலையான ஸ்டூடியோ போட்ட ஸெலிக் கம்பெனியும், 1910 தொடக்கத்தில் டைரக்டர் கிரிஃபித்தை அங்கே அனுப்பிய பயோகிராஃப் கம்பெனியும் அந்த எடிசன் கூட்டின் அங்கத்தினர்களேதாம். துரத்தியவர்களே அல்லவா முன்னால் போயிருக்கிறார்கள்! அவர்களை இழுத்தவை வருஷம் முழுதும் காயும் வெயில், மலையும் கடலும் பாலைவனமும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த வசதி, மலிவான நிலம். அதோடு இன்னொன்று: லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிற்சங்கங்கள் வேரூன்ற முடியாத ஊர், கூலி மலிவு. வெயிலைப் பற்றிப் புராணம் பாடும். கூலியைப் பற்றிப் பாடாது.

அடுத்தது, நட்சத்திரம். ஆரம்பத்தில் கம்பெனிகள் நடிகர்களின் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் ஏறும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். ஃப்ளாரென்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை ஜனங்கள் ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் அறிந்திருந்தார்கள். துணிக்கடை நடத்தி அனுபவப்பட்ட கார்ல் லெம்லி அவரைத் தம் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். 1910-ன் தொடக்கத்தில் அந்த நடிகை இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. உடனே லெம்லி, எதிரிகள் பரப்பிய பொய் இது என்று பத்திரிகையில் பெரிய விளம்பரம் போட்டார். செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அவரை அழைத்துப் போய் ஜனங்கள் முன்னால் நிறுத்தினார். கூட்டம் அலைமோதியது. வதந்தியைக் கட்டிவிட்டவரே லெம்லிதான் என்பது சினிமாச் சரித்திரம் எழுதியவர்கள் பலருடைய முடிவு. பெயர் சொல்லி விளம்பரம் செய்யப்பட்ட முதல் நட்சத்திரங்களில் ஒருவர், இப்படி ஒரு பொய் மரணத்திலிருந்து உயிர்த்தெழுந்து வந்தார். உண்மை மரணத்துக்கு இந்த ஆரவாரம் இல்லை. சிறுசிறு வேஷங்களுக்குக் காத்திருந்து காலம் தள்ளிய அவர் 1938-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சொர்க்கத்தை வர்ணிக்கும் புராணம் நரகத்தையும் வர்ணிக்க வேண்டுமே! 1921-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரு ஹோட்டல் விருந்துக்குப் பிறகு ஓர் இளம் நடிகை இறந்தார். விருந்து கொடுத்த ஹாஸ்ய நடிகர் ஃபாட்டி ஆர்பக்கிள் மீது வழக்கு. இரண்டு விசாரணைகளில் ஜூரர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1922 ஏப்ரலில், மூன்றாவது ஜூரி அவரை விடுதலை செய்ததோடு நில்லாமல், அவருக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று எழுத்து மூலம் வருத்தமும் தெரிவித்தது. ஆறே நாளில் அவருடைய படங்களைத் திரையிடக் கூடாதென்று உத்தரவு போட்டவர், சினிமா முதலாளிகள் தங்களுக்குத் தலைவராக நியமித்திருந்த வில் ஹேய்ஸ். சினிமா என்பது வெறும் வியாபாரம், அதற்குக் கருத்துச் சுதந்தரம் கிடையாது என்று 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. மாகாணத்துக்கு மாகாணம் தணிக்கை வந்துவிடுமோ என்று முதலாளிகள் நடுங்கிக்கொண்டிருந்தனர். ஒரு பெரிய பலி கொடுத்தால் ஊர் வாய் அடங்கும் என்று நினைத்தார்கள். ஆர்பக்கிள் உருவத்திலும் பெரிய மனிதர். ஜனங்களின் நினைவில் எஞ்சியதோ, குடித்துக் கும்மாளமிட்ட ஒரு நடிகனின் வீழ்ச்சி மட்டுமே.

இந்தப் புராணத்தின் இலக்கணம் இப்போது புரிகிறது. தொழில் செய்த காரியத்தை ஒரு மனிதனின் குணமாக மாற்றிச் சொல்லிவிட வேண்டும். வென்றால் அவனுடைய தைரியம். தோற்றால் அவனுடைய கர்வம், குடி, அல்லது தொண்டை. முதலாளியின் பேரேடு மேடைக்கு வரவே கூடாது. நான் குறிப்பிட்ட இரண்டு படங்களும் இந்த இலக்கணத்துக்கு உதாரணங்கள்.

‘ஸிங்கிங் இன் தி ரெயி’னை எடுத்துக்கொள்வோம். 1927-ல் வார்னர் சகோதரர்கள் ‘ஜாஸ் ஸிங்கர்’ படத்தை வெளியிட்டதும் ஸ்டூடியோக்களில் உண்டான கலவரம்தான் கதை. மைக்கைப் பூச்செடிக்குள் ஒளித்துவைத்துவிட்டு நடிகையை அதை நோக்கிப் பேசச் சொல்லும் காட்சிகள் அந்தக் காலத்து அவஸ்தைகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். ஆனால் வார்னர்கள் ஒலிக் கருவியை வாங்கியபோது முதலில் எண்ணியது நடிகர்களைப் பேச வைப்பதை அல்ல. மௌனப் பட காலத்துக் கொட்டகைகள் உண்மையில் மௌனமாக இருந்ததில்லை. பெரிய கொட்டகைகளில் முழு வாத்திய கோஷ்டி, சிறியவற்றில் ஒரு பியானோக்காரர். அந்தச் சங்கீதத்தைப் பதிவு செய்தே அனுப்பிவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே வாத்திய கோஷ்டி போதுமல்லவா? 1926-ல் அவர்கள் வெளியிட்ட ‘டான் ஜுவான்’ அப்படிப்பட்டது; அதில் சங்கீதம் உண்டு, பேச்சு இல்லை. பேச்சும் வந்து சேர்ந்த பிறகு, சில வருஷங்களுக்குள் அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். டப்பாவில் அடைத்த சங்கீதம் வேண்டாம் என்று அவர்களுடைய சங்கம் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து பார்த்தது. பலனில்லை.

இந்தப் படத்திலும் ஒரு பியானோக்காரன் வருகிறான். கதாநாயகனின் நண்பன், மௌனப் படம் எடுக்கும்போது நடிகர்களுக்கு உணர்ச்சி வருவதற்காக வாசிப்பவன். பேசும் படம் எடுக்கப் போகிறோம் என்று முதலாளி அறிவித்ததும், என் வேலை போயிற்று, இனி நான் நிம்மதியாகக் கஷ்டப்பட்டுப் பெரிய சங்கீதம் எழுதலாம் என்று தமாஷ் செய்கிறான். அடுத்த மூச்சில் முதலாளி அவனைப் புதிய சங்கீத இலாகாவுக்கே தலைவனாக்கிவிடுகிறார். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு ஒரு நொடி நகைச்சுவையாக வந்து போய்விட்டது! கதாசிரியர்களுக்கு விஷயம் தெரியாமலில்லை. தெரிந்ததனால்தான் அந்த ஹாஸ்யத்தையே எழுத முடிந்தது. தெரிந்துகொண்டே சிரித்துத் தாண்டிவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

வேலை போன கதையைச் சொல்லாமல், குரல் போன கதையைச் சொல்கிறார்கள். கீச்சுக் குரல் நடிகை லீனா கர்வம் பிடித்தவள், அசடு, பிறர் உழைப்பைத் திருடுகிறவள். அவள் ஒழிந்தால் நமக்குச் சந்தோஷம். இந்தக் கதைக்கு மூலமாகச் சொல்லப்படும் ஜான் கில்பர்ட்டின் கதியைப் பாருங்கள். 1929-ல் அவருடைய முதல் பேசும் படம் ஒன்றில் காதல் வசனங்களைக் கேட்டு ஜனங்கள் சிரித்தார்கள். அவர் குரல் கீச்சுக் குரல் என்று கதை பரவியது. 1933-ல் கிரீடா கார்போவோடு அவர் நடித்த ‘குவீன் கிறிஸ்டினா’ அழியாமல் இருக்கிறது. அதில் கேட்பது சாதாரணமான, பண்பட்ட ஆண் குரல். எழுதியவரின் அசட்டு வசனம் நடிகரின் தொண்டை மேல் ஏற்றப்பட்டுவிட்டது. வசனம் எழுதினவர் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

படத்தின் உச்சக் காட்சியில், லீனா மேடையில் வாயசைக்கிறாள். திரைக்குப் பின்னால் கேத்தி பாடுகிறாள். திரையைத் தூக்கிவிடுகிறார்கள். சத்தியம் ஜெயித்தது என்று நாம் கைதட்டுகிறோம். ஆனால் இந்தப் படம் தயாரான விதத்தைப் பாருங்கள். லீனாவுக்காகக் கேத்தி பாடிப் பதிவு செய்வதாக வரும் காதல் பாட்டைக் கேத்தியாக நடித்த டெப்பி ரெய்னால்ட்ஸ் பாடவில்லை. பெட்டி நாய்ஸ் என்ற பாடகி பாடினார். படத்தின் தலைப்புக்களில் அவர் பெயர் கிடையாது. லீனாவுக்காகக் கேத்தி பேசுவதாக வரும் இடத்தில் கேட்பதோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயற்கைக் குரல்! கீச்சுக் குரல் அவருடைய நடிப்பு. அதாவது, குரல் திருட்டைக் கண்டிக்கும் படமே இரவல் குரலில் அதைக் கண்டிக்கிறது.

தமிழ் ரசிகனுக்கு இந்த இடம் கொஞ்சம் விசித்திரமாகப் படும். சிவாஜி கணேசனுக்கு டி. எம். சௌந்தரராஜன் பாடினார் என்றால் இங்கே யாரும் திரையைத் தூக்கி அவமானப்படுத்துவதில்லை, இருவரையும் கொண்டாடுகிறோம். பின்னணி பாடுகிறவரின் பெயர் ரிக்கார்டிலும் பாட்டுப் புத்தகத்திலும் பார்க்கக் கிடைத்தது. இரவல் குரல் கலைக்கு விரோதமல்ல. பெயரை மறைப்பதுதான் விரோதம். அமெரிக்கப் படமோ இரவலைப் பாவமாகக் காட்டிவிட்டு, பெயர் மறைப்பைத் தானே செய்தது.

‘ஸன்ஸெட் புலவார்ட்’ இதைவிட ஆழமான படம். வைல்டர் சாட்சிகளையே கூண்டில் ஏற்றியிருக்கிறார். பித்துப் பிடித்த நார்மாவாக நடிப்பவர், மௌனப் பட காலத்தின் உண்மையான மகாராணிகளில் ஒருவரான குளோரியா ஸ்வான்ஸன். அவளுக்குப் பணிவிடை செய்யும் மாக்ஸாக வருபவர் எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம். உண்மையிலேயே அந்தக் காலத்துப் பெரிய டைரக்டர். நார்மா தன் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கும்போது திரையில் ஓடுவது, ஸ்ட்ரோஹைமின் டைரக்‌ஷனில் ஸ்வான்ஸன் நடித்துப் பாதியில் நின்றுபோன ‘குவீன் கெல்லி’. அந்தச் சில விநாடிகளில், மெழுகுவத்தி ஒளியில் தெரியும் அந்த முகத்தைப் பார்த்தால், பேச்சில்லாத சினிமா குழந்தைத்தனமானதல்ல, தனக்கென ஒரு பாஷை படைத்தது என்று தெரிந்துவிடும். படத்தின் கதை எதை ஒட்டடை படிந்ததென்று காட்டுகிறதோ, அதை அந்தத் துண்டுப் படம் உயிரோடு எழுப்பி நிறுத்துகிறது.

ஆனாலும் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது நம்மோடு வருவது அந்த முகமல்ல. மாடிப்படியில் இறங்கிவரும் பைத்தியக்காரிதான். பேசும் படம் வந்ததும் பழைய நட்சத்திரங்கள் இப்படித்தான் ஆனார்கள் போலும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஸ்வான்ஸனின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு. 1929-ல் வந்த ‘தி டிரெஸ்பாஸர்’ அவருடைய முதல் பேசும் படம். அதில் பேசினார், பாடினார், ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1948-ல் நியூயார்க்கில் டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பைத்தியத்தை நடித்தவர் தெளிவான மூளையோடு உழைத்துக்கொண்டிருந்த, ஐம்பது வயதுப் பெண்மணி. ஐம்பது வயது நடிகைக்குத் தொழில் ஏன் வேலை தருவதில்லை என்பது ஒரு கேள்வி. நார்மாவின் பித்து அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

ஸ்ட்ரோஹைம் கதையும் இப்படித்தான். பல மணி நேரம் ஓடும்படி அவர் எடுத்த ‘கிரீட்’ படத்தைக் கம்பெனி வெட்டி, 1924-ல் இரண்டு மணி சொச்சத்துக்குக் குறுக்கி வெளியிட்டது. வெட்டிய சுருள்கள் அழிந்துபோயின. பேசும் படம் வருவதற்கு முன்பே நடந்த காரியம் இது. மாக்ஸ் என்ற பாத்திரமோ நார்மாவின் மேல் கொண்ட பக்தியினால் தாழ்ந்தவனாக இருக்கிறான். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்பது படத்தில் இல்லை. நார்மாவோடு சீட்டாட உட்காரும் கிழவர்களில் ஒருவர் பஸ்டர் கீட்டன். உலகத்தின் தலைசிறந்த ஹாஸ்ய நடிகர்களில் ஒருவருக்கு அங்கே, ‘பாஸ்’ என்று சொல்வதைத் தவிர வேறு வேலையில்லை.

இப்படிப் புராணம் நிலைத்துவிட்டதற்கு மற்றொரு காரணம், கல்வெட்டுக்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பேசும் படம் வந்த பிறகு மௌனப் படங்களுக்கு விலையில்லை. வைக்க இடமில்லையென்று எறிந்தார்கள், வெள்ளிக்காக உருக்கினார்கள், எளிதில் தீப்பற்றும் பிலிம் தானே எரிந்தது. 1937-ல் நியூஜெர்ஸியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்தபோது அதன் மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பலாயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, எடுக்கப்பட்ட முழுநீள மௌனப் படங்கள் 10,919. அவற்றில் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவிகிதம். நூறு நாவல் எழுதிய தலைமுறையில் பதினான்கு நாவல்தான் மிச்சம் என்றால், அந்த இலக்கியத்தைப் பற்றி நாம் என்ன அபிப்பிராயம் சொல்ல முடியும்?

காணாமற் போனவற்றோடு சில மனிதர்களும் காணாமற் போனார்கள். ஆலிஸ் கி-பிளாஷே என்ற பெண்மணி 1912-ல் நியூஜெர்ஸியின் ஃபோர்ட் லீயில் சொந்தமாக ஸ்டூடியோ கட்டிப் படமெடுத்தார். லோயிஸ் வெபர், யுனிவர்ஸல் கம்பெனியில் மிக உயர்ந்த சம்பளம் வாங்கிய டைரக்டர்களில் ஒருவர். தொழில் சிறிதாக இருந்தபோது பெண்களுக்கு இடமிருந்தது. பாங்கி முதலீடு வந்து, கம்பெனிகள் பெரிதானதும் அந்த நாற்காலிகள் ஆண்களிடம் போய்விட்டன. நம்முடைய இரண்டு புராணங்களிலும் பெண்களுக்கு என்ன வேஷம்? பைத்தியக்காரி, அசடு, அல்லது கைதூக்கிவிட ஓர் ஆணுக்குக் காத்திருக்கும் சிறுமி. இந்த இரண்டு படங்களை மட்டும் பார்த்தவர், காமிராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று உத்தரவு போட்ட காலம் ஒன்று இருந்தது என்று ஊகிக்கக்கூட முடியாது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கதாசிரியர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. காப்புரிமைக் கூட்டையும் பாங்கிக் கடனையும் வைத்து யாரால் இரண்டு மணி நேரம் ஜனங்களை உட்கார வைக்க முடியும்? கதைக்கு மனிதர்கள் வேண்டும். நல்லவள் ஒருத்தி, கெட்டவள் ஒருத்தி வேண்டும். ஆனால் மனிதர்கள் மூலம் காரணத்தைக் காட்டுவது ஒன்று. காரணத்தை மறைக்க மனிதர்களை முன்னே நிறுத்துவது வேறொன்று. முன்னதைச் செய்தவர்களைத்தான் நாம் பெரிய நாவலாசிரியர்கள் என்கிறோம். பியானோக்காரனின் தமாஷுக்குப் பிறகு ஒரே ஒரு காட்சி, வேலை போன வயலின்காரர் ஒருவர் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் காட்சி வந்திருந்தால், ‘ஸிங்கிங் இன் தி ரெயி’னின் சிரிப்பு ஒரு குன்றிமணியும் குறைந்திருக்காது. மழையில் அந்த நாட்டியம் இன்னும் கொஞ்சம் விலைமதிப்புப் பெற்றிருக்கும்.

புராணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் விடப் போவதில்லை. திரை தூக்கப்படும்போது நானும் கைதட்டுவேன். ஆனால் முன்னால் வந்த அந்தக் காதல் பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்பதையும் அப்போது பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிவைப்பேன். படம் எழுதாமல் விட்ட பெயரை நாமாவது சொல்லலாம்.